பேசியது பயிற்சியாளரிடம், பத்திரம் கல்லூரியிடம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பால் பயிற்சியாளர்களை வேலையிலிருந்து எடுக்கும்போது தரப்படும் இழப்பீடு பற்றித் தங்கள் விளையாட்டுப் பக்கத்தில் வந்த செய்தியைப் படித்தேன். 2025 அக்டோபரில் லூசியானாவின் எல்.எஸ்.யூ. பல்கலைக்கழகம் தன் பயிற்சியாளர் பிரையன் கெல்லியை நீக்கியபோது அடிபட்ட தொகை சுமார் 5.4 கோடி டாலர். படிப்பவர் கண் அந்த எண்ணில் போய் நிற்பது இயல்புதான். ஆனால் இப்படி ஒவ்வொரு முறை பயிற்சியாளர் மாறும்போதும், அவரை நம்பி அந்தக் கல்லூரிக்கு வருவதாகச் சொன்ன இருபது, இருபத்தைந்து பள்ளி மாணவர்கள் அந்தரத்தில் நிற்கிறார்கள். அவர்களைப் பற்றிச் செய்தியில் ஒரு வரிகூட இல்லை. அதனால்தான் இந்தக் கடிதம்.

முட்டை வடிவப் பந்தைக் கையில் தூக்கிக்கொண்டு ஓடுகிற அமெரிக்கன் ஃபுட்பாலைத்தான் சொல்கிறேன். டெக்சாஸ், ஜார்ஜியா பக்கம் நம்மவர் பிள்ளைகளும் பள்ளி அணிகளில் ஆடுகிறார்கள். பெற்றோர் பலர் இதைப் பொறியியல் கலந்தாய்வில் சீட் வாங்குவது போல நினைத்துக்கொள்கிறார்கள். அங்கே கல்லூரி கிடைத்தால் கிடைத்ததுதான். துறைத் தலைவர் மாறினாலும் சீட்டுக்கு ஒன்றும் ஆகாது. இங்கே நிலைமை வேறு. பையனைத் தேர்ந்தெடுத்தவர் ஒருவர், கையெழுத்து வாங்குவது கல்லூரி, ஆட வைப்பது யாரோ மூன்றாவது ஆள் என்று ஆகிவிடலாம்.

முதல் குழப்பம் 'கமிட்' என்ற சொல். பத்தாம், பதினோராம் வகுப்பிலேயே ஒரு பையன் இன்ன கல்லூரிக்குக் கமிட் ஆகிவிட்டான் என்று செய்தி வரும். அது வெறும் வாய்ப்பேச்சு. பையனையும் கட்டுப்படுத்தாது, கல்லூரியையும் கட்டுப்படுத்தாது. எழுத்தில் ஆஃபர் கொடுப்பதற்கே பன்னிரண்டாம் வகுப்பு ஆண்டின் ஆகஸ்ட் 1 வரை பொறுத்திருக்க வேண்டும். கையெழுத்து டிசம்பரிலோ பிப்ரவரியிலோதான். 1964 முதல் இதற்கென்று நேஷனல் லெட்டர் ஆஃப் இன்டென்ட் என்ற தாள் இருந்தது. நீ கையெழுத்திடுவது கல்லூரியுடன், பயிற்சியாளருடன் அல்ல என்று அதிலேயே எழுதியிருந்தது. 2024 அக்டோபரில் அந்தத் தாளை ஒழித்துவிட்டார்கள். இப்போது கையெழுத்தாவது உதவித்தொகை ஒப்பந்தம். அதோடு, 2025 ஜூலை முதல் கல்லூரிகள் வருமானத்தில் வீரர்களுக்கு நேரடியாகப் பங்கு தரலாம் என்று ஆகிவிட்டதால் பணத்துக்குத் தனி ஒப்பந்தமும் உண்டு. தாள் மாறினாலும் அடிப்படை மாறவில்லை. கையெழுத்து விழுந்த நொடியிலிருந்து வேறு கல்லூரி எதுவும் அந்தப் பையனை அழைத்துப் பேசக்கூடாது.

கோளாறு எங்கே என்று கேட்டால் நான் தேதியைத்தான் காட்டுவேன். 2017 வரை கையெழுத்து பிப்ரவரி முதல் புதன்கிழமை. பயிற்சியாளர் மாற்றங்கள் பெரும்பாலும் டிசம்பர், ஜனவரியில் முடிந்துவிடும். யார் வந்திருக்கிறார், என்ன ஆட்டம் ஆடப்போகிறார் என்று பார்த்துவிட்டுக் கையெழுத்திட ஒரு மாதமாவது இருந்தது. 2017 டிசம்பரில் முன்கூட்டிய கையெழுத்துக் காலம் என்று மூன்று நாளைக் கொண்டுவந்தார்கள். இப்போது அது டிசம்பர் முதல் வாரத்துக்கே நகர்ந்துவிட்டது. பெரும்பாலான பையன்கள் அதிலேயே கையெழுத்திட்டு விடுகிறார்கள். பயிற்சியாளர் சந்தை சூடாக இருப்பதும் சரியாக அதே வாரம்தான்.

2025 நவம்பர் 30, ஞாயிற்றுக்கிழமை. மிசிசிப்பியின் ஓல் மிஸ் அணியை விட்டுப் பயிற்சியாளர் லேன் கிஃபின் எல்.எஸ்.யூ.வுக்குப் போகிறார். கையெழுத்து டிசம்பர் 3, புதன்கிழமை. நடுவில் திங்கள், செவ்வாய் இரண்டே நாள். பதினேழு வயதுப் பையனும் அவன் பெற்றோரும் நான்கு ஆண்டு வாழ்க்கையைத் தீர்மானிக்க அவ்வளவுதான் அவகாசம். பென்சில்வேனியாவின் பென் ஸ்டேட் கல்லூரிக் கதை இன்னும் மோசம். பயிற்சியாளர் ஜேம்ஸ் ஃபிராங்க்ளினை அக்டோபர் 12 அன்று நீக்கினார்கள். நவம்பர் 17 அன்று அவர் வர்ஜீனியா டெக்கில் சேர்ந்தார். பென் ஸ்டேட்டுக்கு வருவதாகச் சொன்ன பலர் அவர் பின்னாலேயே போனார்கள். கையெழுத்து நாளன்று பென் ஸ்டேட்டுக்குத் தலைமைப் பயிற்சியாளரே இல்லை. அன்று அங்கே கையெழுத்திட்டவர்கள் இரண்டே பேர். புதிய பயிற்சியாளராக மேட் கேம்பெல் நியமிக்கப்பட்டபோது கையெழுத்துக் காலத்தின் கடைசி நாள் வந்துவிட்டது.

ஓர் இடத்தில் எடுத்த செங்கல் எத்தனை சுவரை ஆட்டும் என்பதற்கு 2024 ஜனவரியைச் சொல்லலாம். 10ஆம் தேதி அலபாமாவின் பயிற்சியாளர் நிக் சேபன் ஓய்வை அறிவித்தார். இரண்டே நாளில் வாஷிங்டனிலிருந்து கேலன் டிபோர் அங்கே வந்தார். வாஷிங்டன் தன் காலியிடத்துக்கு அரிசோனாவின் ஜெட் ஃபிஷ்ஷை எடுத்தது. அரிசோனா, சான் ஹோசே ஸ்டேட்டின் பிரென்ட் பிரென்னனை எடுத்தது. ஒருவர் ஓய்வு பெற்றதில் ஒரு வாரத்துக்குள் நான்கு கல்லூரிகளின் வீரர்கள் ஆட்டம் கண்டார்கள். நான்கிலும் பெரும்பாலான கையெழுத்துகள் டிசம்பரிலேயே முடிந்திருந்தன.

அலபாமாவிலேயே இரண்டு பையன்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். பந்தை வீசி ஆட்டத்தை நடத்துகிற குவாட்டர்பேக் ஜூலியன் சேயின் டிசம்பரில் கையெழுத்திட்டு, ஜனவரியிலேயே கல்லூரியில் சேர்ந்தும்விட்டார். சேபன் போன சில நாளில் அவர் கல்லூரி மாற விரும்புகிறவர்களுக்கான டிரான்ஸ்ஃபர் போர்ட்டல் பட்டியலில் பெயர் கொடுத்து ஒஹாயோ ஸ்டேட்டுக்கு மாற வேண்டியதாயிற்று. ஒரு ஆட்டம்கூட ஆடாமலே இரண்டாவது கல்லூரி. வீசிய பந்தைப் பிடிக்கிற ரிசீவர் ரயன் வில்லியம்ஸ் டிசம்பரில் கையெழுத்திடவில்லை. சேபன் விலகியதும் தன் வாக்கைத் திரும்பப் பெற்றார், புதிய பயிற்சியாளரிடம் பேசினார், மற்ற கல்லூரிகளையும் பார்த்தார், பிறகு அலபாமாவிலேயே பிப்ரவரியில் கையெழுத்திட்டார். முடிவு அதே கல்லூரிதான். ஆனால் யாரிடம் ஆடப்போகிறோம் என்று தெரிந்து எடுத்த முடிவு. சேயினும் பின்னால் ஒஹாயோ ஸ்டேட்டின் முதன்மைக் குவாட்டர்பேக் ஆனார் என்பது உண்மைதான். அந்த அளவு திறமை இருப்பவனுக்குப் பத்துக் கதவு திறக்கும். அணியில் எண்பதாவது ஆளாக வருகிறவனுக்கு எந்தக் கதவு திறக்கும்?

தலைமைப் பயிற்சியாளரையாவது செய்தித்தாள் கவனிக்கிறது. பையனோடு இரண்டு ஆண்டு போனில் பேசி, வீட்டுக்கு வந்து சாப்பிட்டு, அம்மாவிடம் உறுதி சொன்னவர் பெரும்பாலும் உதவிப் பயிற்சியாளர். தினமும் மைதானத்தில் அவனோடு நிற்கப்போகிறவரும் அவரே. 2015 பிப்ரவரி கையெழுத்து நாளில் ரோக்வான் ஸ்மித் என்ற பள்ளி வீரர் கலிஃபோர்னியாவின் யூ.சி.எல்.ஏ.வைத் தேர்ந்தெடுப்பதாகத் தொலைக்காட்சியில் அறிவித்தார். அங்கே தற்காப்பு ஆட்டத்தைக் கவனித்த ஜெஃப் உல்பிரிக் தொழில்முறை அணிக்குப் போகப்போகிறார் என்று காதுக்கு எட்டியதும் தாளை அனுப்பாமல் நிறுத்திக்கொண்டார். பிறகு ஜார்ஜியாவில் சேர்ந்தார். அதிலும் லெட்டர் ஆஃப் இன்டென்டில் கையெழுத்திடாமல் உதவித்தொகை ஒப்பந்தத்தில் மட்டும் கையெழுத்திட்டார். தற்காப்பில் முன்வரிசைக்குப் பின்னால் நிற்கிற லைன்பேக்கர்களில் நாட்டிலேயே சிறந்தவருக்கான பட்கஸ் விருது 2017இல் அவருக்குத்தான். அதே 2015இல், பந்தைத் தூக்கிக்கொண்டு ஓடுகிற ரன்னிங் பேக் மைக் வெபர் ஒஹாயோ ஸ்டேட்டுக்குக் கையெழுத்திட்டார். மறுநாளே அவரது ரன்னிங் பேக் பயிற்சியாளர் ஸ்டான் டிரேட்டன் சிகாகோ பேர்ஸ் அணிக்குப் போனார் என்று செய்தி வந்தது. வெபருக்குத் திரும்ப வழியில்லை.

இன்றைய விதியிலும் இந்த ஓட்டை அடைபடவில்லை. 2025 அக்டோபரில் வந்த விதிப்படி, தலைமைப் பயிற்சியாளர் போனால், புதியவர் அறிவிக்கப்பட்ட ஐந்து நாள் கழித்து அணி வீரர்களுக்கு 15 நாள் போர்ட்டல் திறக்கும். முன்பு 30 நாள் இருந்தது. 30 நாளாகியும் புதியவரை நியமிக்கவில்லை என்றால் 31ஆம் நாள் திறக்கும், அதுவும் ஜனவரி 2க்குப் பிறகு என்றால்தான். உதவிப் பயிற்சியாளர் போனால் எதுவும் திறக்காது. ஐந்து நாள் பொறுக்கச் சொன்னது நல்ல மாற்றம் என்றே நினைக்கிறேன். புதியவர் ஒருமுறையாவது உட்கார்ந்து பேச நேரம் கிடைக்கிறது. ஆனால் 15 நாளுக்குள் அவர் தன் உதவியாளர்களை முழுவதும் நியமித்திருப்பார் என்பது நிச்சயமில்லை.

புதிதாக வருகிறவர் கெட்டவர் என்று சொல்லவில்லை. அவருக்கு வேறு ஆட்டம் தெரியும், அவ்வளவுதான். ஜார்ஜியா டெக்கில் பால் ஜான்சன் 2008 முதல் 2018 வரை டிரிபிள் ஆப்ஷன் என்ற ஓட்ட ஆட்டத்தை நடத்தினார். பந்தை வீசுவதே அபூர்வம். அந்த ஆட்டத்தில், தடுக்கவும் வீசிய பந்தைப் பிடிக்கவும் செய்கிற டைட் எண்டு என்ற இடமே கிடையாது. முன்வரிசைத் தடுப்பாளர்களுக்குப் பாய்ந்து காலடியில் தடுக்கும் வேகம் வேண்டும், பெரிய உடம்பு தேவையில்லை. 2019க்கு ஜெஃப் காலின்ஸ் வந்து வீச்சு ஆட்டத்துக்கு மாறினார். டைட் எண்டை வெளியிலிருந்து பிடிக்க வேண்டியிருந்தது. பின்னால் நின்று குவாட்டர்பேக்கைக் காக்கிற பழக்கம் தடுப்பாளர்களுக்கு இல்லை. குவாட்டர்பேக்குக்குப் பின்னால் நின்று நடுவே முட்டி ஓட, பழைய ஆட்டத்துக்கென்றே பொறுக்கி எடுத்த ஃபுல்பேக்குக்குப் புதிய ஆட்டத்தில் இடமே இல்லை. தற்காப்பிலும் இப்படித்தான். முன்வரிசையில் நால்வர் நிற்கிற அமைப்புக்கு எடுத்த ஓரத் தடுப்பாளன், மூவர் நிற்கிற அமைப்பில் ஒன்று எடை கூட்டி உள்ளே போக வேண்டும், அல்லது எடை குறைத்து லைன்பேக்கர் ஆக வேண்டும். இரண்டுமே ஓர் ஆண்டு வேலை. மிகவும் அடிபடுவது குவாட்டர்பேக்தான். ஒரு நேரத்தில் ஒருவர்தான் ஆட முடியும், புதிய பயிற்சியாளர் தன் பழைய கல்லூரியிலிருந்து ஒருவரைக் கூட்டிவருவதும் வழக்கம்.

உதவித்தொகை போய்விடுமா என்று பெற்றோர் பயப்படுகிறார்கள். கல்லூரிகள் சேர்ந்து ஆடுகிற பெரிய கான்ஃபரன்ஸ் குழுக்களில் 2015 முதல் ஆட்டத் திறமையைக் காரணம் காட்டி உதவித்தொகையைப் பறிக்கக்கூடாது. பணம் இருக்கும், இடம் இருக்காது, ஆபத்து அங்கேதான். வருமானப் பங்கீட்டை ஏற்ற கல்லூரிகளில் இப்போது அணிக்கு 105 பேர்தான் உச்சவரம்பு. புதியவர் போர்ட்டலிலிருந்து இருபது பேரைக் கொண்டுவந்தால் இருபது பேர் வெளியே போக வேண்டும். சில பையன்களிடம், இந்த ஆகஸ்ட் வேண்டாம், அடுத்த ஜனவரியில் சேர்ந்துகொள் என்பார்கள். அதற்கு கிரேஷர்ட் என்று பெயர். அந்த ஐந்து மாதச் செலவு குடும்பத்தின் தலையில்.

கல்லூரி மாறிக்கொள்ளலாமே என்று எளிதாகச் சொல்கிறார்கள். 2024 முதல் எத்தனை முறை வேண்டுமானாலும் மாறலாம் என்பது சரி. ஆனால் மூன்றாம் ஆண்டு தொடங்குமுன் பட்டப்படிப்பில் 40 சதவீதம் முடித்திருக்க வேண்டும், நான்காம் ஆண்டுக்கு 60, ஐந்தாம் ஆண்டுக்கு 80. ஒவ்வொரு மாற்றத்திலும் பழைய கல்லூரியின் சில பாடங்களைப் புதிய கல்லூரி ஏற்காது. இரண்டு முறை மாறினவனுக்கு ஆட்டத்தில் இடம் கிடைத்தாலும் படிப்புக் கணக்கு இடிக்கும்.

ஆகவே தலைமைப் பயிற்சியாளர் நிலை சந்தேகத்தில் இருந்தால் டிசம்பரில் கையெழுத்திடாமல் பிப்ரவரிக்குக் காத்திருக்கச் சொல்வேன். உன் இடத்தை வேறொருவனுக்குக் கொடுத்துவிடுவோம் என்று கல்லூரி அவசரப்படுத்தும். நடுத்தரத் திறமையுள்ளவனுக்கு அது பொய் மிரட்டல் அல்ல, நிஜமாகவே கொடுத்துவிடலாம். அவன் கையெழுத்திட்டுத்தான் ஆக வேண்டும் என்றால், பண ஒப்பந்தத்தை ஒரு வழக்கறிஞரிடம் காட்டாமல் கையெழுத்திட வேண்டாம். முதலில் பார்க்க வேண்டியது, பையன் விலகினால் அவன் திருப்பிக் கட்ட வேண்டிய தொகை எவ்வளவு என்ற இடம். வகுப்பு தொடங்குமுன் தலைமைப் பயிற்சியாளர் போனால் அந்தத் தொகை பூஜ்யம், விடுவிப்புக் கடிதம் உடனே தரப்படும் என்று எழுதி வாங்க முயல வேண்டும். உதவித்தொகை ஓராண்டுக்கா, பல ஆண்டுக்கா என்பதும் தாளில் இருக்க வேண்டும். என் இடத்துக்கான உதவிப் பயிற்சியாளரின் ஒப்பந்தம் எந்த மாதம் முடிகிறது என்று நேராகக் கேட்கலாம். கேட்பதில் தவறே இல்லை. தலைமைப் பயிற்சியாளர் மாறிவிட்டால், முன்பே கல்லூரிச் செலவில் போய்ப் பார்த்திருந்தாலும் இரண்டாவது முறை போக விதி அனுமதிக்கிறது. பலருக்கு இது தெரியாது. அந்தப் பயணத்தில் மைதானத்தையும் உடைமாற்றும் அறையையும் மறுபடி சுற்றிக் காட்டுவார்கள். அதைவிட, என்னுடைய எந்த ஆட்டக் காணொளியைப் பார்த்தீர்கள், என்னை எந்த இடத்தில் நிறுத்துவீர்கள் என்று புதியவரிடம் கேட்க வேண்டும். பதில் சொல்லத் தடுமாறினால் அவர் இன்னும் பார்க்கவில்லை.

பணம் கொடுத்து ஒப்பந்தத்தை முறித்துக்கொள்ளும் வசதி பயிற்சியாளருக்கும் கல்லூரிக்கும் இருக்கிறது. கையெழுத்திட்டு இன்னும் வகுப்புக்கே போகாத மாணவனுக்கு, தலைமைப் பயிற்சியாளர் விலகிய அன்றே கேள்வியில்லாத விடுதலையும், உதவிப் பயிற்சியாளர் போனால் சில நாள் அவகாசமும் எல்லாக் கல்லூரிக்கும் பொதுவான விதியாகவே வர வேண்டும். ஒவ்வொரு குடும்பமும் தனித்தனியாகப் பேரம் பேசி வாங்க வேண்டிய சலுகையாக இது இருக்கக்கூடாது.

தங்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை பயிற்சியாளர் மாற்றச் செய்தி போடும்போது, இழப்பீட்டுத் தொகைக்குப் பக்கத்தில் அந்தக் கல்லூரியின் போர்ட்டல் 15 நாள் எந்தத் தேதியில் தொடங்கி எந்தத் தேதியில் முடிகிறது என்று ஒரு வரி சேருங்கள். பிள்ளையை வைத்துக்கொண்டு முழிக்கிற ஒரு வீட்டுக்காவது அது உதவும்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்,
ஹூஸ்டன், டெக்சாஸ்