குடலைப் பிடுங்கும் படங்கள் எதற்கு?

அன்புள்ள முருகேசா,

கடிதம் கிடைத்தது. மூட்டுவலி குறைந்ததில் சந்தோஷம். அதற்காக மறுபடி மாடிப்படி ஏற ஆரம்பித்துவிடாதே. இங்கே எல்லோரும் சௌக்கியம்.

"இந்த வயசுல ராத்திரி உட்கார்ந்து குடலைப் பிடுங்குற இத்தாலியப் படம் எதுக்குடா?" என்று கேட்டிருந்தாய். வீட்டிலும் இதே கேள்விதான். அங்கே சிரித்து மழுப்பிவிட்டேன். உன்னிடம் அது நடக்காது.

அமெரிக்க இயக்குநர் ரொமேரோவின் ஜாம்பி படம், அதாவது செத்தவர்கள் எழுந்து நடமாடும் படம், 1978இல் இத்தாலியில் 'ஸாம்பி' என்ற பெயரில் வெளியானது. அதற்குக் கொஞ்சமும் சம்பந்தமில்லாமல் இத்தாலிய இயக்குநர் லூசியோ ஃபுல்ச்சி எடுத்த படத்துக்கு 'ஸாம்பி 2' என்று பெயர் சூட்டி அடுத்த வருஷமே இறக்கிவிட்டார்கள். கூச்சமே இல்லாத வியாபாரம்! ஆனால் படத்தைப் பார். கடலுக்கடியில் ஒரு பிணம் நிஜச் சுறாவோடு மல்லுக்கட்டுகிறது. எந்த மடையனுக்கு இப்படித் தோன்றும்? தோன்றியதே, அதுதான் அழகு.

அப்புறம் அந்தக் கண் காட்சி. உடைந்த கதவின் வழியே ஒரு கை நுழைந்து, பெண்ணின் தலைமுடியைப் பற்றி, நீட்டிக்கொண்டிருக்கும் மரச்சிராயை நோக்கி இழுக்கிறது. வேறு இயக்குநராக இருந்தால் காட்சியை அங்கேயே வெட்டியிருப்பார். ஃபுல்ச்சி வெட்டமாட்டார். கண்ணுக்கும் சிராய்க்கும் உள்ள தூரம் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைவதை நாம் முழுசாகப் பார்த்தாக வேண்டும். குத்தியதும் அது பொம்மைக் கண் என்று தெரிந்துவிடுகிறது, பயமும் போய்விடுகிறது. என்னை இழுப்பது ரத்தமில்லை முருகேசா, அதற்கு முந்தைய அந்த நிதானம்.

ரொமேரோவின் பிணங்கள் ஷாப்பிங் மாலில் சுற்றும்; நுகர்வு மோகத்தைக் கிண்டல் செய்கிறார் என்று கட்டுரை எழுதலாம். ஃபுல்ச்சியின் பிணத்துக்கு எந்த அர்த்தமும் கிடையாது. செத்தது, அழுகியது, எழுந்தது. ஜானெட்டோ தே ரோஸ்ஸியின் ஒப்பனையில் முகமெல்லாம் மண் அப்பி, கண்குழியில் புழு நெளியும்.

1981இல் வந்த ஃபுல்ச்சியின் 'தி பியாண்ட்' இன்னும் ஒரு படி மேல். அமெரிக்காவின் லூசியானாவில் ஒரு பழைய ஹோட்டல், அடியில் நரகத்தின் வாசல். ஆஸ்பத்திரிப் படிக்கட்டில் இறங்குகிறவர்கள் ஹோட்டல் நிலவறையில் போய் நிற்கிறார்கள். ஏன், எப்படி என்று கேட்காதே, கெட்ட கனவில் யார் வழி கேட்கிறார்கள்? வசனமெல்லாம் பிறகு டப்பிங் செய்தது. வாயசைவும் குரலும் ஒட்டாது. அதுகூடப் படத்துக்கு நல்லதாகவே போய்விட்டது. ஃபாபியோ ஃப்ரிஸ்ஸியின் இசையை மட்டும் தனியாகக் கேட்கலாம், அவ்வளவு நன்றாக இருக்கும்.

சித்திரவதை பெரும்பாலும் பெண்கள் தலையில்தான் விழுகிறது. அது எனக்கு உறுத்தத்தான் செய்கிறது. கலை என்று சொல்லிச் சப்பைக்கட்டு கட்ட மாட்டேன். இந்த வகையில் குப்பையும் ஏராளம். புரூனோ மத்தேய் என்ற இயக்குநரின் படங்கள் பக்கம் மட்டும் போய்விடாதே.

பார்ப்பதென்றால் 'தி பியாண்ட்'டில் ஆரம்பி. சிலந்திகள் முகத்தைத் தின்னும் காட்சியில் பாதிச் சிலந்தி பொம்மை என்று பார்த்தாலே தெரியும், தைரியமாக இரு. சாப்பிட்ட கையோடு மட்டும் வேண்டாம்.

ஊர் வீட்டை விற்பதாகச் சொன்னாயே, தம்பி சம்மதித்தானா? பதில் போடு.

அன்புடன்,
ராஜு