அனிமோன் செத்தது மலைக் குளிரால் அல்ல: உங்கள் 'ரீஃப் காம்போ' பற்றிய புகார்

அனுப்புநர்:
வாடிக்கையாளர், குன்னூர், நீலகிரி மாவட்டம்.

பெறுநர்:
மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு.

பொருள்: அனிமோன், பவளம், வேவ்மேக்கர் அடங்கிய காம்போவுக்குப் பணத்தைத் திரும்பக் கேட்டல்.

ஐயா,

என் கடல்நீர் மீன்தொட்டிக்காக உங்களிடம் வாங்கிய 'ரீஃப் காம்போ'வில் ஒரு பபிள் டிப் அனிமோன் (பூ மாதிரி இருக்கும் கடல் பிராணி), சோவாந்திட், மஷ்ரூம், லெதர் என்று மூன்று மென்பவளங்கள், ஒரு வேவ்மேக்கர் (தொட்டியில் நீரோட்டம் உண்டாக்கும் மோட்டார் விசிறி) இருந்தன. அனிமோன் செத்துவிட்டது. சோவாந்திட்டில் பாதி கரைந்து போயிற்று. லெதர் சுருங்கியே கிடக்கிறது. புகார் கொடுத்தால், "மலைக் குளிர் காரணம், வாரண்டி பொருந்தாது" என்று ஒரே வரியில் பதில் வருகிறது. அதை என்னால் ஏற்க முடியாது.

குன்னூர் சுமார் 1,850 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, மார்கழியில் குளிரும், சரி. ஆனால் அனிமோன் இருந்தது என் வீட்டு வாசலில் இல்லை, தொட்டிக்குள். ஹீட்டரும் கன்ட்ரோலரும் தண்ணீரை 25-26 டிகிரியிலேயே வைத்திருக்கின்றன. உப்பு அடர்த்தி 1.025, கடல்நீர் அளவுதான். இரண்டையும் படம் எடுத்து ஏற்கெனவே அனுப்பியிருக்கிறேன். மழைக்காலத்தில் மரம் விழுந்து கரண்ட் போனால் இன்வெர்ட்டர் இருக்கிறது. சொல்லப்போனால், கோடையில் தண்ணீரைக் குளிர்விக்கும் சில்லர் இல்லாமல் திண்டாடுவது சென்னைக்காரர்கள்தான்.

போனில் பேசிய உங்கள் ஆள் இன்னொரு காரணமும் சொன்னார்: உயரத்தில் ஆக்ஸிஜன் குறைவாம். இங்கே காற்றழுத்தம் கடற்கரையில் இருப்பதில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்குதான், அதனால் தண்ணீரில் கரையும் ஆக்ஸிஜனும் குறையும், உண்மை. அதற்குத்தான் தண்ணீரில் காற்றைக் கலந்து கழிவை நுரையாக எடுக்கும் ஸ்கிம்மர் ஓடுகிறது. ஆக்ஸிஜன் போதவில்லை என்றால் முதலில் மீன்தான் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடும். என் கிளவுன் மீன்கள் (கடலில் அனிமோனோடு சேர்ந்து வாழும் சிறு மீன்கள்) அப்படி எதுவும் செய்யவில்லை.

நடந்தது இதுதான். அனிமோன் நட்ட இடத்தில் நிற்கிற செடி இல்லை. வெளிச்சமோ நீரோட்டமோ பிடிக்கவில்லை என்றால் பாதத்தைத் தளர்த்திக்கொண்டு வேறு இடம் தேடி நகரும் பிராணி அது. இதுவும் ராத்திரியில் கிளம்பி சோவாந்திட் மேலே ஊர்ந்து போயிருக்கிறது. அதன் கரங்கள் முழுக்கக் கொட்டும் செல்கள். பட்ட இடத்தில் பவளத்தின் சதை வெந்துவிடும். அப்புறம் அது வேவ்மேக்கர் பக்கம் போய், உள்ளே இழுக்கப்பட்டு, விசிறியில் நார் நாராகியிருக்கிறது. காலையில் பார்த்தால் தொட்டித் தண்ணீர் மோர் கலந்த மாதிரி இருந்தது. அம்மோனியா ஏறுவதற்குள் மீன்களை வாளிக்கு மாற்றி, தண்ணீரை மாற்றி, அசுத்தத்தை உறிஞ்சக் கார்பன் போட்டதால் அவை பிழைத்தன.

உங்கள் விளம்பரப் படத்தில் அனிமோனும் சோவாந்திட்டும் ஒன்றையொன்று தொட்டபடி இருக்கின்றன. "பக்கத்துப் பக்கத்தில் வைக்கலாம்" என்றும் எழுதியிருக்கிறீர்கள். கிளவுன் மீனுக்கு அனிமோன் கட்டாயம் என்கிறீர்கள். தொட்டியிலேயே பிறந்து வளர்ந்த கிளவுன் மீன் அனிமோன் இல்லாமலே நன்றாக வாழும். "புதுத் தொட்டிக்கும் ஏற்றது" என்பது இன்னும் மோசம். என் தொட்டி பழையது, அதனால் அது எனக்குப் பொருந்தாது. நாளைக்குப் புதிதாகத் தொட்டி வைக்கிற ஒருவர் அதை நம்பி வாங்கினால் அனிமோன் தாக்குப்பிடிக்காது.

எனக்கு உண்மையிலேயே கோபம் வந்தது வேறொரு விஷயத்தில். உங்கள் கடையிலேயே 'அனிமோன் கார்டு' என்று வேவ்மேக்கருக்கான வலை உறை தனியாக விலைக்கு இருக்கிறது! ஆபத்து இருப்பது உங்களுக்குத் தெரிந்திருக்கிறது. ஆனால் அனிமோனையும் வேவ்மேக்கரையும் ஒரே பெட்டியில் போட்டு விற்கும்போது உறையும் இல்லை, எச்சரிக்கையாக ஒரு வார்த்தையும் இல்லை.

இன்னொன்று. நான் கேட்காத ஒரு டார்ச் பவளத் துண்டை 'அன்பளிப்பு' என்று சேர்த்து அனுப்பியிருக்கிறீர்கள். டார்ச் என்பது கல் பவள வகை. கல் பவளங்கள் எல்லாமே 2001-ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டவை, புலி இருக்கிற அதே அட்டவணை. இந்தத் துண்டு இறக்குமதியானதா, மன்னார் வளைகுடாவிலிருந்து பெயர்த்ததா? பில்லில் அதைப் பற்றி எதுவுமே இல்லை. முதுமலை இருக்கிற மாவட்டத்தில் குடியிருந்துகொண்டு வனத்துறைக்கு இதை விளக்கிக்கொண்டிருக்க எனக்கு விருப்பமில்லை.

ஆகவே காம்போவின் முழு விலையையும் திருப்பித் தாருங்கள். டார்ச் துண்டு எங்கிருந்து வந்தது என்பதற்கான ஆவணத்தை எழுத்து மூலம் அனுப்புங்கள். விளம்பரத்தில் அந்த வாசகங்களை எடுத்துவிட்டு, உறை இல்லாமல் அனிமோனோடு வேவ்மேக்கர் விற்பதை நிறுத்துங்கள். மாற்றாக இன்னொரு அனிமோன் அனுப்புவதாகச் சொன்னீர்கள், அது வேண்டாம்.

தேவையான எச்சரிக்கை இல்லாமல் பொருள் விற்பதும் 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் கேள்விக்கு உரியதுதான். 15 நாளில் பதில் வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகாரைப் பதிந்துவிட்டு, ஊட்டியில் உள்ள மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன். பில், படங்கள், உங்கள் விளம்பரத்தின் நகல் எல்லாம் இத்துடன் இணைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
வாடிக்கையாளர்,
குன்னூர்.