பெட்டி பிரிக்காத துப்பாக்கி

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பழம்பொருள் சேகரிப்பு பற்றிய சென்ற இதழ்க் கட்டுரையில், அமெரிக்காவில் விற்கும் நினைவுப் பதிப்புத் துப்பாக்கிகளையும் (ஒரு ஆளையோ ஆண்டுவிழாவையோ நினைவுகூரச் சிறப்பாகச் செய்தவை) 'நாளாக நாளாக விலை ஏறும் சொத்து' என்று ஒரே வரியில் சேர்த்துவிட்டீர்கள். டெக்சாஸில் இருபது வருடமாகக் குடியிருக்கிறேன். அந்த ஒரு வரிக்காகத்தான் இந்தக் கடிதம்.

பக்கத்து வீட்டுப் பெரியவர் போன வருடம் தவறிவிட்டார். அவர் அலமாரியில் அட்டைப்பெட்டியோடு ஒரு வின்செஸ்டர் ரைஃபிள் இருந்தது. அந்தக் கால மேற்கு அமெரிக்காவின் பிரபல எருமை வேட்டைக்காரர் 'பஃபலோ பில்' பெயரில் 1968இல் வந்த பதிப்பு. எண்பட்டைக் குழல், கட்டையில் பதித்த பதக்கம், அங்கங்கே நிக்கல் பூச்சு. ஒரு தோட்டாகூடச் சுட்டதில்லை. தோட்டாவை ஏற்றும் லீவரை நாலு முறை இழுத்தாலே உள்ளே கோடு விழுந்து விலை குறைந்துவிடும் என்று, மனிதர் அதைக்கூடச் செய்யவில்லை. 130 டாலர் என்று போட்ட ரசீதும் பெட்டிக்குள்ளேயே பத்திரமாக இருந்தது.

அதை விற்கலாமா என்று கேட்க, அவர் மனைவிக்குத் துணையாக நானும் துப்பாக்கிக் கடைக்குப் போனேன். கடைக்காரர் 700 டாலர் என்றார். கேட்க லாபம் மாதிரிதான் இருக்கும். ஆனால் விலைவாசி அன்றைக்கு இருந்ததைப் போல் சுமார் 9 மடங்கு ஆகிவிட்டது. 1,170 டாலராவது வந்தால்தான் போட்ட பணமே திரும்பியதாகக் கணக்கு.

ஏன் இப்படி? அந்தப் பதிப்பில் மட்டும் ஒரு லட்சத்துக்கு மேல் செய்து தள்ளினார்கள். 1966இல் வின்செஸ்டர் கம்பெனியின் நூற்றாண்டுக்கு வந்த பதிப்பும் லட்சத்தைத் தாண்டியது. அடுத்த வருடம் கனடா நூற்றாண்டுக்கு 90 ஆயிரம். வாங்கியவர்களில் பலர் இந்தப் பெரியவரைப் போலவே பிரிக்காமல் பூட்டிவைத்தார்கள். எல்லார் வீட்டிலும் புதுக்கருக்கு அழியாமல் இருந்தால் அப்புறம் எங்கிருந்து வரும் அருமை? அதே கம்பெனி 1870களில் 'ஆயிரத்தில் ஒன்று' என்று பொறுக்கி விற்ற 1873 மாடல் சுமார் 130தான். வாங்கியவன் அதைக் குதிரையில் கட்டிக்கொண்டு மழையிலும் வெயிலிலும் அலைந்தான். அதில் தப்பிப் பிழைத்தவைதான் இன்று ஏலத்தில் லட்சம் டாலரைத் தாண்டுகின்றன.

நகை வாங்கிப் பழகிய நம்மவர்களுக்கு இது புரியாததல்ல. பதக்கமும் பூவேலையும் செய்கூலி. விற்கப் போனால் அதை யார் தருகிறார்கள்? குறைவாகச் செய்தவை விதிவிலக்கு. 1961இல் இல்லினாய் மாநில ஜெனசியோ ஊருக்காகக் கோல்ட் (Colt) என்ற இன்னொரு துப்பாக்கிக் கம்பெனி செய்த கைத்துப்பாக்கி மொத்தமே 104. மற்றபடி விவரம் தெரிந்தவர்கள் தேடுவது 1964க்கு முந்தைய சாதாரண வின்செஸ்டர் மாடல் 94 ரைஃபிளைத்தான். செலவைக் குறைக்க அந்த வருடம்தான் தயாரிப்பு முறையை மாற்றினார்கள்.

அந்த அம்மா கடைசியில் விற்கவில்லை. மகன் எடுத்துக்கொண்டார். நவம்பரில் மான் வேட்டைக்குக் கொண்டுபோகிறாராம். சுட்டால் இருக்கிற விலையும் போய்விடுமே என்றேன். "அப்பா ஒரு தடவையாவது சுட்டிருக்கலாம்" என்றார்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
டல்லஸ், டெக்சாஸ்