எட்டுத் தழும்பு

கோயம்புத்தூர்

அன்புள்ள அம்மிணிக்கு,

தீபாவளி விடுமுறை முடிந்து மில்கள் திறந்துவிட்டன. பேரிங் கெடப் போவதை அதிர்வை வைத்து முன்கூட்டியே சொல்லும் உன் ஆராய்ச்சியிலிருந்து நீ அனுப்பிய அதிர்வு வரைபடத்தை ஒரு வாரமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். போனில் சொன்னால் விட்டுப்போகும் என்றுதான் எழுதுகிறேன்.

2004 பிப்ரவரியில் அமெரிக்காவில் உங்கள் சின்சினாட்டிப் பல்கலைக்கழகத்தார் செய்த சோதனை என்றாய். ஒரே ஷாஃப்டில் நான்கு பேரிங்குகள், நிமிடத்துக்கு 2000 சுற்று, 6000 பவுண்டு பாரம். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை ஒரு விநாடி அதிர்வைப் பதிந்து, ஏறக்குறைய ஏழு நாளில் 984 கோப்புகள். முடிவில் முதல் பேரிங்கின் வெளிவளையம் போயிற்று. எண்ணெயில் வரும் இரும்புத் துகளைப் பிடிக்கக் காந்தம் வைத்திருந்தார்கள் என்றதும் எனக்கு மனம் குளிர்ந்துவிட்டது. கியர் பெட்டியின் எண்ணெயை வடித்தால் நாங்களும் முதலில் அந்தக் காந்தத்தைத்தான் விரலால் வழித்துப் பார்ப்போம்.

கோடு மேலே ஏறுகிற இடத்தை நீ காட்டினாய். என் கண்ணோ அதற்கு முன்னால், முதல் மூன்று நாளும் அசையாமல் கிடக்கிற கோட்டிலேயே நின்றுவிட்டது. ஏன் என்று சொல்கிறேன்.

நீ மூன்றாம் வகுப்புப் படித்த வருடம் அது. தீபாவளிக்கு மில் நின்றால்தான் எங்களுக்கு ஓவர்ஹாலிங். ஈரப்பத அறையின் பெரிய மின்விசிறி மோட்டாரில் ஒரு குறையும் இல்லை. திருப்புளியின் நுனியைக் கூட்டில் வைத்துக் கைப்பிடியைக் காதில் அழுத்திக் கேட்டேன். மாவு சலிப்பதுபோல ஒரே சீரான ஓசை. ஆனால் அட்டவணையில் அதற்குத் தேதி வந்திருந்தது. கழற்றினேன், நல்ல பேரிங்கை எடுத்தேன், 6309 எண் கொண்ட புதிய பேரிங் ஒன்றை மாட்டினேன். ஷாஃப்டில் இறுகுவது உள்வளையம், அதில் குழாய் வைத்துத்தான் அடித்து ஏற்ற வேண்டும். சரியான அளவுக் குழாய் கைக்குக் கிடைக்கவில்லை. மறுநாள் காலை மில் ஓட வேண்டும். வெளிவளையத்தில் பித்தளைத் துண்டை வைத்துச் சுத்தியலால் தட்டி ஏற்றிவிட்டேன்.

முதல் வாரத்திலேயே முனக ஆரம்பித்தது. மூன்றாம் வாரம், இரவு ஷிப்டில் இறுகிப்போனது. விசிறி நின்றதும் ஹாலில் காற்று வறண்டது, நூல் நூற்கும் ரிங் ஃபிரேம்களில் நூல் வரிசை வரிசையாக அறுந்தது. அறுந்த இழையை இணைக்க ஓடி ஓடி அந்தப் பெண்கள் களைத்துப்போனதை இப்போதும் மறக்கவில்லை.

பேரிங்கை வெட்டிப் பார்த்தேன். குண்டு ஓடும் பள்ளத்தில் எட்டுத் தழும்புகள், அளந்து வைத்ததுபோல ஒரே இடைவெளி. குண்டுகளும் எட்டுதான். நான் அடித்த ஒவ்வோர் அடியும் குண்டு வழியாக இறங்கிப் பள்ளத்தில் பதிந்திருந்தது. தேய்ந்து போன பேரிங் அல்ல அது. நான் கெடுத்தது.

இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் கடலோர விமானப் படையில் வாடிங்டன் என்ற உயிரியலாளர் கண்டதாக நீ சொன்னதும் இதேதானே? 50 மணி நேரத்துக்கு ஒருமுறை விமானத்தைச் சோதித்தார்கள், சோதித்த கையோடு பழுது கூடிற்று. 1978இல் யுனைடெட் ஏர்லைன்ஸ் விமான நிறுவனத்தின் நௌலனும் ஹீப்பும் கொடுத்த கணக்கில், விமானப் பாகங்களில் 11 சதவீதம்தான் வயதாகிப் பழுதாகிறவை. அன்றைக்கு இதை யாராவது எனக்குச் சொல்லியிருந்தால் எத்தனை நல்ல பேரிங்குகளைப் பிழைக்க விட்டிருப்பேன்!

ஆகவே உன் உணர்கருவி "கெடப் போகிறது" என்று சொல்வது பாதி வேலைதான் அம்மிணி. "நன்றாக இருக்கிறது, கை வைக்காதே" என்று நம்பிக்கையோடு சொல்வதுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. அதை எந்த ஃபோர்மேனும் தன் வாயால் சொல்லத் துணியமாட்டான். நானும் துணியவில்லை. அட்டவணைப்படி கழற்றிய பிறகு கெட்டால் யாரும் கேட்கமாட்டார்கள், கழற்றாமல் விட்டுக் கெட்டால் வேலைக்கே ஆபத்து. 1962லேயே பிரிட்டனின் பிரிஸ்டல் சிட்லி நிறுவனம் வைப்பர் என்ற விமான எஞ்சினைப் பறந்த மணிக்கு இவ்வளவு என்று கட்டணம் வாங்கிப் பராமரித்தது என்றாய். அந்த ஏற்பாட்டில் தேவையில்லாமல் கழற்றினால் நட்டம் கழற்றுகிறவனுக்கே. அதனால்தான் உங்கள் ஆராய்ச்சியில் சேவை ஒப்பந்தமும் அதிர்வுக் கணக்கும் ஒரே மேசைக்கு வருகின்றன என்று புரிந்துகொண்டேன்.

ஒன்று கேட்கிறேன். உங்கள் சோதனையில் பேரிங்கை மாட்டியவர்கள் கைதேர்ந்தவர்கள். மில்லில் பஞ்சுத் தூசி, அளவுக்கு மீறி அடைத்த கிரீஸ், விடிவதற்குள் முடித்தாக வேண்டிய அவசரம். நிமிடத்துக்கு 1440 சுற்று ஓடும் மோட்டாரில் எட்டுக் குண்டுப் பேரிங்கின் வெளிவளையத்தில் ஒரு பொத்தல் விழுந்தால் விநாடிக்கு ஏறத்தாழ 75 இடி என்று கணக்குப் போட்டுக் காட்டினாயே, அந்தக் கணக்கின் பக்கத்தில் இதை மாட்டியது யார், எப்போது, எதை வைத்துத் தட்டினார் என்று மூன்று கட்டங்கள் சேர்த்து வை. ஃபிட்டர்கள் பயமில்லாமல் நிரப்பும்படி வை. பெயர் கேட்டால் உண்மை வராது என்று பட்டால் பெயரை மட்டும் விட்டுவிடு.

அந்த வளையத்தின் பாதியை எறியாமல் வைத்திருந்தேன். எதிர் வீட்டுப் பையன் மார்கழியில் அங்கே வருகிறான், அவனிடம் கொடுத்தனுப்புகிறேன். அம்மா செய்த பருப்புப் பொடிக்கு அடியில், கிரீஸ் துணியில் சுற்றியிருக்கும். துணியைப் பிரித்து நகத்தால் பள்ளத்தை ஒருமுறை வருடிப் பார். எட்டு இடத்திலும் நகம் தட்டுகிறதா என்று எழுது.

அன்புடன்,
அப்பா