பொன்னிற இலைக்கு இரும்புச் சத்து வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற ஞாயிறு தோட்டப் பகுதியில், இலை அழகுக்காக வளர்க்கும் தன் ஹோஸ்டா செடியின் இலைகள் மஞ்சளாகிவிட்டன என்று கவலைப்பட்ட வாசகருக்கு, இரும்புச் சத்து கரைத்து ஊற்றச் சொல்லிப் பதில் வந்திருந்தது. செடி என்ன ரகம் என்று முதலில் கேட்டிருக்கலாம். மஞ்சளாவதற்கென்றே பிறந்த ஹோஸ்டாக்கள் இருக்கின்றன. அவற்றில் ஒன்றைப் 11 ஆண்டுகளாக வளர்த்து வருபவள் என்பதால் எழுதுகிறேன்.

என்னிடம் இருப்பது 'சம் அண்ட் சப்ஸ்டன்ஸ்'. நியூயார்க் மாநிலத்தைச் சேர்ந்த பால் ஏடன் 1980இல் பதிவு செய்த ரகம். ஹோஸ்டாவின் பூர்வீகம் ஜப்பான், கொரியா, சீனா பக்கம். பொன்னிற ரகங்களில் பெரும்பாலானவை தோட்டங்களில் தேர்ந்தெடுத்து உருவாக்கப்பட்டவை. இது 2004இல் அமெரிக்காவில் 'ஆண்டின் ஹோஸ்டா'வாகத் தேர்வானது.

இளவேனிலில் ஈட்டி முனை மாதிரி முளைகள் மண்ணைக் கீறிக்கொண்டு வரும். விரியும்போது இலை வெளிர்பச்சைதான். காலை வெயில் பட்டால் சில வாரங்களில் மெல்ல மெல்லப் பொன்னிறமாகும். பச்சையம் குறையக் குறைய, இலையில் ஏற்கெனவே இருக்கும் கரோட்டினாய்டு என்ற மஞ்சள் நிறமிகள் வெளியே தெரிகின்றன, அவ்வளவுதான். ஹோஸ்டா என்றாலே நிழல் செடி என்று நம்பி, முதல் 2 வருடம் மரத்தடியிலேயே வைத்திருந்தேன், பச்சையாகவே நின்றது. காலையில் 3 மணி நேரம் வெயில் விழும் இடத்துக்கு மாற்றிய பிறகுதான் அதன் உண்மை நிறத்தைப் பார்த்தேன். உச்சி வெயில் மட்டும் ஆகாது, ஓரம் கருகிவிடும்.

இலை ஒவ்வொன்றும் முறம் அளவு. தொட்டால் புதுத் தோல் செருப்பைத் தொடுவதுபோல் தடிப்பாக இருக்கும். பக்கத்தில் உள்ள மெல்லிலை ஹோஸ்டாக்களைச் சல்லடையாக்கிய நத்தைகள் இதை அவ்வளவாகச் சீண்டுவதில்லை. வழக்கமான 2 தொகுதிக்குப் பதில் இதற்கு 3 தொகுதி குரோமோசோம்கள். அதனாலேயே விதை பிடிப்பது அபூர்வம். அதனால் தூரைப் பிரித்தோ, திசு வளர்ப்பிலோதான் பெருக்குகிறார்கள்.

இங்கேதான் ஆபத்தும் இருக்கிறது. சில வருடங்களுக்கு முன் ஒரு நர்சரியில் இதே ரகத்தில் இன்னொரு செடி வாங்கினேன். மஞ்சள் இலையில் நரம்பையொட்டிப் பச்சை மை கசிந்ததுபோல் திட்டுகள். "புது ரகம், கோலம் போட்ட மாதிரி இருக்கிறது பாருங்கள்" என்றார்கள். நானும் நம்பினேன். அது ஹோஸ்டா எக்ஸ் வைரஸ். 1996இல் அடையாளம் கண்ட நோய். செடியின் சாறு வழியாகப் பரவுவது. அந்தச் செடியைப் பிரித்த அதே கத்தியால் வேறு 2 தூர்களையும் வெட்டியிருந்தேன். அடுத்த கோடையில் அவற்றிலும் மை கசிந்தது. மூன்றையும் வேரோடு தோண்டிக் குப்பையில் போட்டேன். இதற்கு மருந்து கிடையாது. 'பிரேக் டான்ஸ்', 'லெப்பர்ட் ஃப்ராக்' என்று பெயர் சூட்டி விற்பனைக்கு வந்தவையே நோய் பிடித்த செடிகள்தான் என்று பிறகு தெரிந்தது. மனசு ஆறவில்லை.

சரி, அந்த வாசகர் என்ன செய்யலாம்? ஓர் இலையை வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பிடித்துப் பார்க்கட்டும். நரம்பும் நரம்புக்கு இடைப்பட்ட பகுதியும் ஒரே சீராக மஞ்சளாக இருந்தால், செடி நன்றாகத்தான் இருக்கிறது. பொன்னிற ரகம் என்று சந்தோஷப்படலாம். இளம் இலைகளில் நரம்பு மட்டும் மெல்லிய கோடாகப் பச்சையாக நின்று, இடையில் வெளுத்திருந்தால் நீங்கள் சொன்ன இரும்புக் குறை. நரம்பிலிருந்து பச்சை வெளியே ஒழுகிப் பரவியிருந்தால் வைரஸ். அந்தச் செடியில் பட்ட கத்தியை நன்றாகக் கழுவிக் கிருமிநாசினியில் துடைக்காமல் வேறு செடியில் வைக்கக் கூடாது.

முடிந்தால் வரும் ஞாயிறே இதை வெளியிடுங்கள். அவர் இந்நேரம் இரும்புக் கரைசல் வாங்கியிருந்தாலும், ஊற்றுவதற்கு முன் படித்துவிட வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகி