சித்திரை பிறப்பதற்குள் பிள்ளைக்காம்பராவுக்குக் கூரை போட வேண்டும்

ஸ்ரீ முத்துமாரியம்மன் துணை

மஸ்கெலியாப் பக்கத்து எங்கள் தேயிலைத் தோட்டத்திலிருந்து, கொழும்பிலும் கண்டியிலும் வெளிநாட்டிலும் இருக்கும் எங்கள் பிள்ளைகளுக்கும், இந்த மலைமேல் பாசம் வைத்த எல்லோருக்கும் கமிட்டியின் வணக்கம்.

நேராகவே சொல்லிவிடுகிறோம். கொழுந்து பறிக்கப் போகும் தாய்மாரின் பிள்ளைகளைப் பகலில் பார்த்துக்கொண்ட பழைய பிள்ளைக்காம்பராவைத் திருத்தி, பிள்ளைகள் காட்டையும் காட்டுயிரையும் பற்றிப் படிக்க ஒரு வாசிப்பறையும், பக்கத்தில் காட்டுமர நாற்றுமேடையும் அமைக்கும் வேலை பாதியில் நிற்கிறது. சுவர் முடிந்துவிட்டது. கூரை இல்லை. தென்மேற்கு மழை பிடித்தால் மஸ்கெலியா எப்படியிருக்கும் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. பூசிய சுவர் ஒரு மாதம்கூடத் தாங்காது. ஏப்ரல் 12ஆம் திகதிக்குள் 442,000 ரூபாய் வேண்டும்.

ஏன் இந்தக் கட்டடம் என்று கேட்பவர்களுக்கு ஒரு பிள்ளையின் கதையைச் சொல்ல வேண்டும். நாலாம் நம்பர் லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீட்டில், பிறந்தவர். பெயரைப் போடவே கூடாது என்று சொல்லிவிட்டதால் அக்கா என்றே எழுதுகிறோம். அம்மா கொழுந்து மலைக்குப் போனால் அக்கா நாள் முழுக்க இந்தக் காம்பராவில்தான். பின்பக்கத்துக் கொய்யா மரத்துக்கு மலையணில் வரும். பிள்ளை அழுதால் காம்பரா ஆயா தூக்கிக்கொண்டு போய் அதைத்தான் காட்டுவாராம். காலையில் மூடுபனி விலகும்போது ஓடைக்கு மேலே இருக்கும் காட்டுத் துண்டிலிருந்து மந்திகள் குரல் கொடுக்கும். மற்றப் பிள்ளைகள் விளையாடப் போய்விடுவார்கள். அக்கா மட்டும் எத்தனை மந்தி, எந்த மரத்தில் என்று எண்ணிக்கொண்டிருப்பார். பள்ளிக்கூடம் போன பிறகு கொப்பிகளின் கடைசிப் பக்கமெல்லாம் மரை, முள்ளம்பன்றி, காட்டுப்பன்றி என்று கால்தடமாகவே இருக்கும். ஒன்பது வயதில் ஒருநாள் மாலை பீலிக்கரைக்குப் போன இடத்தில், மேல் பாறையில் சிறுத்தை படுத்திருந்தது. அம்மா குடத்தைப் போட்டுவிட்டு மகளை இழுத்துக்கொண்டு ஓடினார். மகள் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனார்.

அக்கா சாதாரண தரப் பரீட்சை எழுதிய வருஷம், பன்றிக்கு வைத்த கம்பிக் கண்ணியில் ஒரு சிறுத்தையின் இடுப்பு மாட்டிக்கொண்டது. இரவு முழுக்க அது போட்ட சத்தம் எல்லா லயத்துக்கும் கேட்டது. விடிந்ததும் கூட்டம் கூடியது. படம் எடுத்தார்கள், சிலர் கல்லும் எறிந்தார்கள். கமிட்டியில் இன்று இருக்கும் சிலரும் அந்தக் கூட்டத்தில் நின்றோம். உதவி வந்து சேர்வதற்குள் அது இறந்துவிட்டது. மகள் மூன்று நாள் சரியாகச் சாப்பிடவில்லை என்று அந்த அம்மா இப்போதும் சொல்லுவார். அப்புறம் உயிரியல் படித்தார், பல்கலைக்கழகம் போனார். இன்று காட்டில் தானாகப் படமெடுக்கும் கமராக்களைக் கட்டி, உடம்புப் புள்ளிகளை வைத்து ஒவ்வொரு சிறுத்தையையும் தனித்தனியாக அடையாளம் காணும் வேலை செய்கிறார். ஒன்றின் புள்ளி மற்றொன்றுக்கு இராதாம்.

"எனக்குக் காட்டிக்கொடுக்க ஆயா இருந்தார். இப்போது இருக்கும் பிள்ளைகளுக்கு யார் இருக்கிறார்கள்?" என்று போன வருஷத் திருவிழாவில் அக்கா கேட்டார். அந்தக் கேள்வியில் தொடங்கியதுதான் இந்த வேலை.

நம்முடைய சிறுத்தை இந்தத் தீவைத் தவிர உலகில் வேறெங்கும் இயற்கையாக வாழாத துணையினம். வளர்ந்தவை ஆயிரத்துக்குள் என்றே கணிக்கிறார்கள். 2020 மே மாதம் நல்லதண்ணிப் பக்கம் கண்ணியில் சிக்கிய கருஞ்சிறுத்தையை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். சிகிச்சைக்கு உடவளவைக்குக் கொண்டுபோயும் காப்பாற்ற முடியவில்லை. கொழுந்து பறிக்கும் பெண்கள் சிறுத்தையிடம் காயப்பட்டதும், லயத்து நாய்கள் காணாமல் போவதும் நமக்குத் தெரியும். அந்தப் பயத்தை நாங்கள் லேசாக எடுக்கவில்லை. குட்டி போட்ட தாய் எந்த மலையில் இருக்கிறது, எப்படி விலகிப் போவது, யாருக்குத் தகவல் சொல்வது என்று தெரிந்தால் மனிதரும் பிழைப்பார்கள், அதுவும் பிழைக்கும். அதைச் சொல்லிக்கொடுக்கத்தான் ஓர் இடம் கேட்கிறோம்.

நம்முடைய பெரியவர்கள் இந்தக் காட்டுக்கு அந்நியர்கள் இல்லை. மன்னாரில் இறங்கி, மாத்தளை வரைக்கும் காட்டுவழியாக நடந்து வந்தவர்களின் பேரப்பிள்ளைகள் நாம். வழியில் காய்ச்சலிலும் பசியிலும் விழுந்தவர்களுக்குக் கல்லறைகூடக் கிடையாது. அவர்கள் வரத் தொடங்கி 200 வருஷம் என்று, 2023இல் மலையகம் 200 என்ற பெயரில் எல்லோரும் பெருமையாகக் கொண்டாடினோம். முதலில் கோப்பிக்காகவும், 1867க்குப் பிறகு தேயிலைக்காகவும் பெருங்காட்டை வெட்டச் சொன்னது துரைமார். கத்தி பிடித்தது நம் தாத்தாமாரின் கை. அந்தக் காலத்தில் ரோஜர்ஸ் என்ற வெள்ளைக்கார மேஜர் 1,400 யானைகளைச் சுட்டதாகச் சொல்லுவார்கள். நம் ஆட்களோ தேயிலைச் செடியை வெட்டிவிடும் கவ்வாத்துக்கு முன்னால் கவ்வாத்துச்சாமிக்குப் படையல் வைத்துவிட்டுத்தான் கத்தியை எடுத்தார்கள். மவுஸ்ஸாகலை நீர்த்தேக்கத்தில் தண்ணீர் வற்றும்போது, அதில் மூழ்கிய பழைய மஸ்கெலியாக் கோயில் வெளியே தெரிகிறதே, அதைப் பார்த்துக் கும்பிடாமல் போகிற பெரியவர் இன்றும் நம் தோட்டத்தில் இல்லை. சிவனொளிபாத மலைக் காடு 2010இல் உலக மரபுரிமை ஆனது. அதன் அடிவாரத்தில் இருக்கும் நம் ஓடைக்கரையில் நிழலுக்கு ஒரு காட்டுமரம் இல்லை. வெட்டிய கையின் வம்சம் நட வேண்டும் என்று எங்கள் மூத்த உறுப்பினர் கூட்டத்தில் சொன்னபோது யாரும் எதிர்த்துப் பேசவில்லை.

சரி, கணக்குக்கு வருவோம். கூரைத் தகரம் 42, ஒன்று 4,800 வீதம் 201,600. மரம், ஆணி 138,000. மேசன் பாஸ், தச்சு பாஸ் கூலி 165,000. சீமெந்து, மணல் 92,400. நாற்றுமேடைக்கு வலை, பை, தண்ணீர்க் குழாய் 74,000. புத்தகம், அலுமாரி, நாலு தொலைநோக்கி 119,000. மொத்தம் 790,000 ரூபாய். சேர்ந்தது 468,000. 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயலில் மண் சரிந்து, வீடு இழந்த குடும்பங்கள் பள்ளிக்கூடத்தில் தங்கியபோது, அதிலிருந்து 120,000 ரூபாயைச் சாப்பாட்டுக்கும் பாய் போர்வைக்கும் கொடுத்தோம். அது சரியான செலவு என்று அம்மன் முன்னால் நின்று சொல்லுவோம். மீதி 348,000. அதில் ஒரு பகுதி சுவருக்குப் போய்விட்டது, ரசீதுகள் இருக்கின்றன. 790,000இல் அந்த 348,000 போக வேண்டியதுதான் 442,000. ஏப்ரல் 20ஆம் திகதி வேலை தொடங்க மேசன் பாஸ் சம்மதித்திருக்கிறார். தகரத்துக்கு முழுப்பணமும் கட்டாவிட்டால் அவர் வேறு வேலைக்குப் போய்விடுவார்.

கொடுத்தவர்களை எப்படி மறப்போம்? ஒருநாள் சம்பளத்தை அப்படியே கொடுத்த மேல்மலைக் கொழுந்துப் பெண்கள் 61 பேர். முதல் மாதச் சம்பளத்தில் 25,000 அனுப்பிய அக்கா. கட்டாரில் சாரதியாக இருந்துகொண்டு மாதம் தவறாமல் 5,000 அனுப்பும் தம்பி. வளர்த்த சேவலை விற்று 3,500 ரூபாயை முந்தானையில் முடிந்துகொண்டு வந்த பாட்டி. அந்தப் பணத்தை வாங்கும்போது பொருளாளருக்குக் கண் கலங்கிவிட்டது. பக்கத்துக் கிராமத்து சிங்கள அண்ணன் ஒருவர் இரண்டு லொறி மணலைக் காசு வாங்காமல் இறக்கிக் கொடுத்தார். பள்ளிக்கூடப் பிள்ளைகள் உண்டியலை உடைத்துக் கொண்டுவந்தது 1,860. சிரமதானத்துக்கு வந்தவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமைதோறும் ரொட்டியும் சம்பலும் செய்து கொடுத்த தாய்மாரின் உழைப்புக்குக் கணக்கே இல்லை. அம்மன் உங்கள் எல்லோருடைய குடும்பத்தையும் காப்பாற்ற வேண்டும்.

இன்னொன்றும் மனது நொந்துதான் எழுதுகிறோம். போன திருவிழாவில் பெயர் கொடுத்து இன்னும் பணம் தராதவர்கள் 38 பேர். அதில் நல்ல நிலைமையில் இருப்பவர்களும் இருக்கிறார்கள். சேவலை விற்ற பாட்டியின் வீட்டைக் கடந்துதான் நீங்கள் வருஷப் பிறப்புக்கு வருவீர்கள். ஒலிபெருக்கிக்கும் வாணத்துக்கும் கொடுத்த கை, நாம் தவழ்ந்து வளர்ந்த காம்பராவுக்கு நீளவில்லை என்றால் பிள்ளைகளிடம் என்ன சொல்வது?

தோட்டத்தில் 136 குடும்பம். வீட்டுக்கு ஆயிரம் ரூபாய் என்றால் 136,000 சேர்ந்துவிடும். மீதி 306,000 ரூபாய்க்கு வெளியில் இருக்கும் உங்களைத்தான் நம்பியிருக்கிறோம். முடியாதவர்கள் ஒரு தகரத்துக்கு 4,800 கொடுங்கள், அல்லது இரண்டு பேர் சேர்ந்து கொடுங்கள். அதுவும் முடியாதென்றால் மரம் தூக்க ஒருநாள் வாருங்கள்.

ரசீதுப் புத்தகம் பொருளாளரிடமும் கோயில் பூசாரி ஐயாவிடமும் இருக்கிறது. ரசீது இல்லாமல் யாரிடமும் பணம் கொடுக்க வேண்டாம். ஏப்ரல் 12 ஞாயிற்றுக்கிழமை காலைப் பூசை முடிந்ததும் கோயில் வாசலில் முழுக் கணக்கையும் வாசிப்போம். அக்கா அன்று லீவு போட்டுவிட்டு வருகிறார், முதல் நாற்றுப் பையில் மண் போட.

இப்படிக்கு,
பிள்ளைக்காம்பரா திருத்த வேலைக் கமிட்டி