மூடி உப்பினால் பயப்பட வேண்டாம்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

போன மாதம் கிம்ச்சி (கொரியாவின் முட்டைக்கோஸ் ஊறுகாய்) டப்பாக்கள் நான்கு திரும்பி வந்தன. மூடி உப்பியிருக்கிறது, திறந்தால் புஸ்ஸென்று சத்தம், கெட்டுப்போச்சு என்பது புகார். பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டோம். டப்பாவில் இருந்தது நல்ல சரக்குதான். இட்லி மாவு பொங்குகிறதே, அதே கதை. லியூகோனோஸ்டாக் என்ற நுண்ணுயிரி இரண்டிலும் வேலை பார்க்கிறது. அது விடும் வாயுதான் மூடியைத் தூக்குகிறது.

சீன முட்டைக்கோஸை நெடுக்காகப் பிளந்து இலைக்கு இலை கல்லுப்பு தூவி ஓர் இரவு வைப்பார்கள். விறைப்பாக நின்ற இலை காலையில் ஈரத்துணி மாதிரி துவண்டு கிடக்கும். கழுவி வடிகட்டி, மிளகாய்த்தூள், பூண்டு, இஞ்சி, உப்பில் ஊறிய இறால் எல்லாம் சேர்ந்த விழுதை ஒவ்வோர் இலையிலும் பூசுவார்கள். (சைவர்கள் கவனிக்கவும்: இறால் உண்டு. புத்த மடங்களில் மீன், இறால், பூண்டு எதுவும் சேர்க்காமல் செய்வார்கள். அந்த வகை எங்களிடம் இல்லை.)

குளிர்காலம் முழுவதற்கும் வேண்டியதைக் குடும்பமும் அக்கம்பக்கமும் கூடிப் போட்டுவைப்பதற்கு கிம்ஜாங் என்று பெயர். தென் கொரியாவின் கிம்ஜாங்கை 2013-இலும் வட கொரியாவின் மரபை 2015-இலும் யுனெஸ்கோ தன் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. ஒரே ஊறுகாய்க்கு இரண்டு பதிவு!

கிம்ச்சி பழசு, அதன் சிவப்பு அவ்வளவு பழசில்லை. நமக்கு வந்த மாதிரியே கொரியாவுக்கும் மிளகாய் அமெரிக்கக் கண்டத்திலிருந்து கடல் கடந்து வந்ததுதான். 1614-ஆம் ஆண்டு நூலொன்று அதை 'ஜப்பான் கடுகு' என்கிறது. அதற்கு முன் கிம்ச்சியில் மிளகாயே கிடையாது.

சரி, வீட்டில் எப்படி வைப்பது? முன்பெல்லாம் அங்கே மண்ஜாடியில் அடைத்துத் தோட்டத்தில் புதைத்துவைப்பார்கள். அடுக்குமாடியில் எங்கே புதைப்பது? அதற்கென்றே தனி ஃபிரிட்ஜ் செய்துவிட்டார்கள். 1995-இல் வந்த டிம்சே என்ற பிராண்டு அதை வீடுவீடாகக் கொண்டுபோய்ச் சேர்த்தது. உங்களுக்கு அதெல்லாம் வேண்டாம். ஃபிரிட்ஜின் அடித்தட்டில் பின்பக்கமாக வையுங்கள், இரண்டு நாளுக்கு ஒருமுறை மூடியைத் தளர்த்தி மூடுங்கள், இலையைச் சாற்றில் அமுக்கிவிடுங்கள். ஈரக்கரண்டி கூடவே கூடாது. பூஞ்சை பிடித்தால் மட்டும் கொண்டுவாருங்கள், மாற்றித் தருகிறோம்.

ரொம்பப் புளித்துவிட்டால் கொட்டிவிடாதீர்கள். கிம்ச்சி ஜிகே என்ற குழம்புக்கு அந்தப் புளிப்புதான் வேண்டும். புதுக் கிம்ச்சியில் வைத்தால் சப்பென்று இருக்கும்.

இனி ஒவ்வொரு மூடியிலும் போட்ட தேதியை எழுதி ஒட்டுகிறோம். புளிப்பு பிடிக்காதவர்கள் வெள்ளிக்கிழமை காலை வாருங்கள், அன்றுதான் புதுசு வரும்.

இப்படிக்கு,
கடைக்காரர்